கரகரப்பு பிறந்த ஊர்கள்

கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் பாடிய பழைய இசைத்தட்டு ஒன்று என் மேசையில் இருக்கிறது. பத்து அங்குல அகலம். நிமிடத்துக்கு 78 சுற்று என்று சொல்லப்படும் வகை. திருப்பூரில் மைக்செட் தொழில் செய்த ஒரு குடும்பத்தின் பரணில் கிடந்தது. அதைக் கணினியில் ஏற்றி, காசில்லாமல் கிடைக்கும் மென்பொருள்களை வைத்து இரைச்சலை எடுக்கும் வேலையை நான் செய்து வருகிறேன். தட்டில் கேட்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பிறந்த ஊர் இருக்கிறது. அது எங்கே ஏறியது என்று தெரிந்தால்தான் இறக்க முடியும். தெரியாமல் கை வைத்தால் குரலையும் சேர்த்து உரித்துவிடுவோம். அதனால் தட்டு வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சோட்டா நாக்பூர்க் காடுகளில் பலாச மரத்திலும் இலந்தையிலும் குசும் மரத்திலும் ஒரு சின்னப் பூச்சி ஒட்டிக்கொண்டு பிசின் சுரக்கிறது. கிளையோடு வெட்டி, பிசினைச் சுரண்டி, உடைத்துக் கழுவுவார்கள். பிறகு நீளமான பருத்தித் துணிப் பையில் அடைத்து, கரியடுப்புக்கு முன்னால் நீட்டிப் பிடித்து, ஒரு முனையை முறுக்கிக்கொண்டே போவார்கள். உருகிய அரக்கு துணியின் இழைகள் வழியாகக் கசியும். குப்பை பைக்குள்ளேயே தங்கிவிடும். அந்தக் குழம்பைச் சூடு ஆறுவதற்குள் கையாலும் காலாலும் இழுத்து அகலமான தகடாக்குவார்கள். ஆறியதும் உடைத்தால் கண்ணாடிச் சில்லு மாதிரி நொறுங்கும். உலகம் முழுவதும் இசைத்தட்டுக்குப் போன ஷெல்லாக் இதுதான். எமில் பெர்லினர் கண்டுபிடித்த தட்டு வகை 1890களில் அரக்குக்கு மாறியதிலிருந்து, கோடிக்கணக்கான பாட்டுகள் இந்தப் பூச்சியை நம்பித்தான் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் வரத்து குறைந்தபோது, 1942இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கான அரக்கு ஒதுக்கீட்டையே வெட்டியது. ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும்மில் அரக்குக்கென்றே 1924இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் எழுந்ததற்கும் இந்த உலகச் சந்தைதான் காரணம்.

ஆனால் தட்டு முழுக்க அரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. அரக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மற்றதில் பெரும்பகுதி ஸ்லேட்டுக்கல், சுண்ணாம்புக்கல் ஆகியவற்றின் மாவு. கறுப்புக்குக் கரித்தூள். எளிதில் உடையாமல் இருக்கப் பஞ்சு இழைத்தூள். பஞ்சுத்தூள் பறக்கும் திருப்பூரில் வளர்ந்தவனுக்கு, பாட்டு கேட்கும் தட்டுக்குள்ளும் பஞ்சு இருக்கிறது என்று தெரிந்த நாள் மறக்கவில்லை.

கல்மாவு சும்மா எடைக்காகச் சேர்த்தது அன்று. கிராமபோனின் எஃகு ஊசி புதிதாக இருக்கும்போது அதன் முனை தட்டின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தாது. முதல் சில சுற்றுகளில் கல்மாவு அந்த முனையைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஊசியைத் தீட்டுவதற்கென்றே தட்டில் அந்தச் சொரசொரப்பை வைத்தார்கள். பாட்டுக்கு அடியில் இடைவிடாமல் ஓடும் 'ஷ்ஷ்' என்ற சீறல் அங்கே பிறந்ததுதான். புதுத் தட்டிலும் அது இருந்தது. காலத்தால் வந்த அழுக்கு என்று நினைத்து அதை முழுக்கத் துடைக்கப் பார்ப்பவர்கள், தட்டு பிறக்கும்போதே கொண்டுவந்த ஒன்றோடு மல்லுக்கு நிற்கிறார்கள்.

இந்தக் கலவையைச் சூடாக்கி, இரண்டு உலோக அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி, தண்ணீர் விட்டுக் குளிர வைத்தால் தட்டு. இந்தியாவில் இந்த வேலை 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொடங்கி, 1920களின் கடைசியில் டம் டம்முக்குப் போனது. 1931இல் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் இணைந்து ஈ.எம்.ஐ. ஆன பிறகு, கிராமபோன் கம்பெனியின் எச்.எம்.வி. நாய் முத்திரையும் கொலம்பியாவின் இரட்டைச் சுர முத்திரையும் ஒரே கூரைக்குக் கீழே வந்தன. என் தட்டின் நடுவே ஒட்டிய காகிதத்தில் பாதியைக் கரப்பான் தின்றுவிட்டது. மிஞ்சிய பாதியில் கொலம்பியா முத்திரையும், ஓரத்தில் டம் டம் என்ற பெயரும், பாடியவர் பெயரும் தெரிகின்றன. வேறெதுவும் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் கல்கத்தாவிலிருந்து எங்கள் ஊருக்கு வந்தது இசைத்தட்டு மட்டுமில்லை. திருப்பூரின் முதல் பனியன் கம்பெனி என்று சொல்லப்படும் பேபி நிட்டிங்கை குலாம் காதர் 1925இல் தொடங்கினார். அந்தத் தொழிலும் கல்கத்தாவைப் பார்த்து வந்ததுதான். பைக்காரா மின்சாரம் 1930களில் கோவைச் சீமைக்கு வந்த பிறகு கைச்சக்கரம் போய் மோட்டார் வந்தது. மோட்டாரோடு சேர்ந்து, இசைத்தட்டை ஒலிபெருக்கியில் போட்டு ஊருக்கே கேட்கவைக்கும் தொழிலும் வளர்ந்தது.

குரலுக்கு வருவோம். சுந்தராம்பாள் 1908இல் காவிரிக் கரைக் கொடுமுடியில் பிறந்தவர். சிறுமியாக ரயிலில் பாடிப் பிழைத்தார் என்று எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். மைக் இல்லாத நாடக மேடையில் வளர்ந்த தொண்டை. கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்தவனுக்கும் ஒவ்வொரு எழுத்தும் போய்ச் சேர வேண்டும். அவருடைய கணவரும் மேடைப் பாடகருமான எஸ். ஜி. கிட்டப்பாவும் அவரும் உச்ச சுருதியில் போட்டி போட்டுப் பாடியதைக் கேட்கத்தான் கூட்டம் கூடியது. கிட்டப்பா 1933இல் மறைந்தார். பிறகு சுந்தராம்பாள் மேடையைவிட்டு ஒதுங்கியிருந்து, 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் திரும்பி வந்தார். காங்கிரஸ் மேடைகளிலும் அதே தொண்டைதான் கூட்டம் சேர்த்தது.

மேடையில் ஒரு பாட்டை அரைமணி நேரம் விரித்துப் பாடுகிறவருக்கு, பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் தந்தது ஏறத்தாழ மூன்றேகால் நிமிடம். மெழுகுத் தட்டில் நேரடியாகப் பதிய வேண்டும். நடுவில் நிறுத்தித் திருத்த வழியில்லை. 1925க்குப் பிறகு ஒலிவாங்கியும் மின்பெருக்கியும் வந்துவிட்டதால் குழலுக்குள் முகத்தைக் கொடுத்துக் கத்த வேண்டிய நிலை இல்லை. இருந்தாலும் தட்டில் பதிந்த அலைவரிசை குறுகியதுதான். சுமார் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே பாட்டு என்று சொல்ல ஒன்றும் இருக்காது, சீறல் மட்டும்தான்.

பிறகு தட்டு ஊருக்கு வந்தது. காதுகுத்து, சீர், கல்யாணம், மாரியம்மன் பொங்கல் என்று எல்லா இடத்துக்கும் போனது. ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது கம்பெனி சொன்ன கணக்கு. ஊசி டப்பாவுக்குக் காசு கொடுத்த மைக்செட்டுக்காரர் அந்தக் கணக்கை எங்கே பார்த்தார்? மழுங்கிய ஊசியும், அதன் மேல் நூறு கிராமுக்கு மேல் எடையுள்ள சவுண்டு பாக்ஸும் சேர்ந்து பள்ளத்தின் சுவரை அரைத்தன. குரல் உச்சத்துக்குப் போகும் இடங்களில்தான் பள்ளம் அதிகம் வளையும். அங்கேதான் ஊசி அதிகம் அரைக்கும். அதனால் சுந்தராம்பாள் உச்சியில் நின்று பிடிக்கும் இடங்களில் ஒரு கரகரப்பு எழுகிறது. எந்த மென்பொருளும் அதை முழுசாக மீட்காது. அந்த இடத்தில் அரக்கே இல்லை.

கடைசியாகப் பரண். தூசி, பூஞ்சை, ஓட்டுக் கூரையின் வெக்கை. ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒரு மயிரிழை விரிசல்.

இனி இறக்கும் வேலை. ஏறிய வரிசைக்குத் தலைகீழாக, கடைசியாக ஏறியதை முதலில் இறக்க வேண்டும்.

பரணின் தூசிக்குக் கணினி வேண்டாம், தண்ணீர் போதும். காய்ச்சி வடித்த நீரில் மென்மையான சோப்பு ஒரு சொட்டு. நடுக்காகிதம் நனையக் கூடாது. பழைய தட்டைப் பளபளப்பாக்க ஸ்பிரிட் போட்டுத் துடைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் அரக்கைக் கரைப்பதே அதில்தான். ஒருமுறை துடைத்தால் பாட்டு போய்விடும். இன்னொன்றையும் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: காதர்பேட்டையில் கிலோ கணக்கில் கிடைக்கும் பனியன் வேஸ்ட்டால் துடைக்காதீர்கள். மிருதுவாக இருக்கும், ஆனால் பஞ்சுத்தூளை விட்டுச் செல்லும், அது பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மெல்லிய மயிர்த் தூரிகைதான் நல்லது.

தட்டைச் சுழற்றிப் பதிவதற்கு ஞாயிற்றுக்கிழமை காலை வேண்டும். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம்; ஞாயிறு கம்பெனிகள் ஓயும். மற்ற நாள்களில் பக்கத்துத் தெருவில் நிட்டிங் எந்திரம் ஓடினால் அதிர்வு தரை வழியாக மேசைக்கு வந்து, மேசை வழியாக ஊசிக்கு வந்துவிடும். இந்த உறுமலைப் பிறகு வடிகட்டலாம். வராமலே பார்த்துக்கொள்வது அதைவிட மேல். 50 ஹெர்ட்ஸ் மின்சார ரீங்காரமும் அப்படித்தான். எர்த் சரியாக இணைத்து, மடிக்கணினியைப் பேட்டரியில் ஓடவிட்டாலே பெரும்பகுதி போய்விடும். மிஞ்சுவதை 50, 100, 150 என்ற புள்ளிகளில் மெல்லிய வெட்டாக எடுத்துவிடலாம்.

ஊசி விஷயத்திலும் கவனம் தேவை. எல்.பி. தட்டுக்கான நுண்ணிய ஊசி 78 பள்ளத்தின் அடியில் இறங்கி, அங்கே சேர்ந்த குப்பையைத்தான் வாசிக்கும். இதற்கென்றே மூன்று மடங்குக்கும் மேல் தடித்த ஊசி கிடைக்கிறது. அது சுவரின் நடுவில் நின்று வாசிக்கும். இந்தத் தட்டுகள் மோனோ. ஆனால் ஸ்டீரியோவில் பதிந்துகொள்ள வேண்டும். அப்போது பள்ளத்தின் இடச்சுவர் ஒரு தடத்திலும் வலச்சுவர் இன்னொரு தடத்திலும் வரும். பழைய ஊசி இரண்டு சுவர்களையும் ஒரே அளவில் அரைத்திருக்காது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, நல்ல சுவரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். என் தட்டில் வலச்சுவர் எவ்வளவோ தேவலை. இந்த ஒரு தேர்வு தந்த தெளிவைப் பின்னால் எந்த வடிகட்டியும் தரவில்லை.

பதிந்த மூலத்தை ஃபிளாக் கோப்பாகச் சேமித்து, அதை அப்படியே விட்டுவிட வேண்டும். திருத்தம் எல்லாம் நகலில்தான்.

நான் பயன்படுத்துவது ஆடாசிட்டி. டொமினிக் மசோனியும் ரோஜர் டேனன்பர்க்கும் 1999இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 2000இல் வெளியிட்ட மென்பொருள். அதன் நிரல் எல்லாருக்கும் திறந்திருப்பதால் உலகெங்கும் பலர் கைவைத்து வளர்த்திருக்கிறார்கள். ஸ்டூடியோ வைத்திருப்பவர் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் கருவிகள் செய்வதில் பெரும்பகுதியை, பழைய மடிக்கணினியில் ஒரு பைசா செலவில்லாமல் செய்ய முடிகிறது. பரணில் தட்டு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஸ்டூடியோவுக்குப் போகக்கூடியவர்கள் அல்லர். இந்தக் கருவிகள் இல்லையென்றால் அந்தத் தட்டுகள் அப்படியே முடிந்துபோயிருக்கும்.

கணினியில் முதல் வேலை, எந்திரம் தானாகச் செய்ததை நீக்குவது. இன்றைய பெருக்கிகள் 1954இல் பொதுவான ஆர்.ஐ.ஏ.ஏ. அளவில் மந்தரத்தைக் கூட்டி உச்சத்தைக் குறைத்துத் தரும். சுந்தராம்பாளைப் பதிந்தவர்கள் அந்த அளவில் பதியவில்லை. அதைத் தலைகீழாகப் போட்டு நீக்கி, அக்காலத்து அளவை (வளைவு என்பார்கள்) போட வேண்டும். ஆடாசிட்டிக்கென்று கிடைக்கும் வளைவுகளில் 'கொலம்பியா 78' என்று ஒன்று உண்டு. முத்திரையைப் பார்த்து அதைப் போடத் தோன்றும். அது அமெரிக்கக் கொலம்பியாவின் வளைவு. இந்தியாவுக்கு வந்தது இங்கிலாந்துக் கொலம்பியா. 'ஈ.எம்.ஐ. 78' போட்டதும் குரல் மூக்கிலிருந்து நெஞ்சுக்கு இறங்கியது.

அடுத்தது விரிசலின் 'டக்'. தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 0.77 விநாடி. அதனால் நிமிடத்துக்கு 78 'டக்'. தானாக நீக்கும் கருவி இதில் பாதியைப் பிடிக்கும். இன்னும் கூர்மையாக்கினால் மிருதங்கத்தின் சாப்பையும் 'டக்' என்று எண்ணி முனையை மழுக்கிவிடும். ஆகவே கருவியை மிதமாக ஓட்டிவிட்டு, மற்றதைக் கையால்தான் எடுக்கிறேன். அலைவடிவைப் பெரிதாக்கினால், வளைந்து வளைந்து போகும் கோட்டின் நடுவே ஒரு செங்குத்தான முள் தெரியும். அதை மட்டும் தேர்ந்து 'ரிப்பேர்' கொடுத்தால், இருபுறமும் உள்ள வளைவைப் பார்த்து நடுவை நிரப்பிவிடும். ஒரு தடவைக்கு 128 மாதிரிப்புள்ளிகள் வரைதான் அனுமதி. விநாடிக்கு 44,100 என்ற கணக்கில் அது மூன்று மில்லி விநாடிக்கும் குறைவு. அடுத்த முள் எங்கே என்று தேட வேண்டியதில்லை, சரியாக 0.77 விநாடி தள்ளி இருக்கும். கிழிந்த பனியனில் கண் விட்ட தையலை ஒவ்வொன்றாக ஊசியில் கோத்து எடுப்பதைத்தான் இதற்கு ஒப்பாகச் சொல்லத் தோன்றுகிறது: பொறுமை இருந்தால் தழும்பே தெரியாது.

தட்டின் துளை மையம் தப்பியிருந்தால் சுரம் அலையும். அது பாடகியின் கமகமா, தட்டின் ஆட்டமா என்று சந்தேகம் வந்தால் அதே 0.77ஐக் கொண்டு பார்க்கலாம். அந்தக் காலஅளவில் மாறாமல் ஏறி இறங்கினால் தட்டு ஆடுகிறது. எந்தப் பாடகரும் அப்படிக் கடிகாரக் கணக்கில் அசைக்க மாட்டார்.

கடைசியாகத்தான் அந்தப் பிறவிச் சீறல். இதை எடுக்கும் வழியின் வேர், 1979இல் ஸ்டீவன் போல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. பேச்சில்லாத இடத்தில் இரைச்சல் எப்படி இருக்கிறது என்று அளந்துகொண்டு, அந்த அளவைப் பேச்சுள்ள இடத்திலிருந்து கழிப்பது. ஆடாசிட்டியில், பாட்டு தொடங்குமுன் ஊசி வெறும் பள்ளத்தில் ஓடும் ஓரிரு விநாடியைத் தேர்ந்து இரைச்சலின் சாயலை எடுக்கச் சொல்ல வேண்டும். அது ஒலியை ஆயிரத்துக்கு மேற்பட்ட அலைவரிசைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல்படி வைக்கும். படிக்குக் கீழே நிற்பதைத் தணிக்கும். 'டக்' எல்லாம் போன பிறகே இதைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் அதுவும் சாயலில் கலந்துவிடும்.

இங்கேதான் ஆசை ஆளைக் கெடுக்கும். 20, 24 டெசிபெல் என்று ஏற்றினால் நிசப்தமாகத்தான் இருக்கும். ஆனால் குரலைச் சுற்றி, தண்ணீருக்கடியில் மணி குலுங்குவதாக ஒரு கிணுகிணுப்பு வரும். 'ச', 'ஸ' எழுத்துகள் வாழும் இடமும் சீறல் வாழும் இடமும் ஒன்றுதான். அதிகம் கழித்தால், கடைசி வரிசை வரை எழுத்து கேட்க வேண்டும் என்று பாடியவர் மழலை பேசுகிறவராகிவிடுவார். நான் 6 டெசிபெல்லோடு நிறுத்திக்கொள்கிறேன். எங்கே நிறுத்துவது என்று பார்க்க அதே கருவியில் ஒரு வசதி உண்டு: மிச்சத்தை விட்டுவிட்டு, எடுத்துப் போடப்போவதை மட்டும் கேட்கலாம். அந்தக் கழிவில் வெறும் 'ஷ்ஷ்' கேட்டால் சரி. அதில் பாட்டின் ஒரு சொல்லாவது புரிந்தால் கை அதிகமாகிவிட்டது.

பேச்சைத் தெளிவாக்க ஜான்-மார்க் வாலின் 2017இல் வெளியிட்ட ஆர்.என்.நாய்ஸ் போன்றவையும் திறந்த மென்பொருள்களே. மனிதப் பேச்சு எது, மற்றது எது என்று எடுத்துக்காட்டுகளைக் கொடுத்துப் பழக்கிய நரம்பு வலையமைப்பு அது. ஓவர்லாக் எந்திரங்களுக்கு நடுவே கைபேசியில் எடுத்த ஒரு தொழிலாளியின் பேட்டிக்கு இது நல்ல கருவி. பழைய பாட்டுக்கு ஆகாது. ஆர்மோனியச் சுருதி இடைவிடாமல் நிற்பதைப் பார்த்து அதையும் மின்விசிறிச் சத்தத்தோடு சேர்த்து அமுக்கப் பார்க்கும். சுருதியை எடுத்துவிட்டால் சுந்தராம்பாள் எதன்மேல் நிற்பார்?

துடைத்த பாட்டை வெளியிடலாமா? இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு. 1930களின் பதிவுகளுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. பாட்டை எழுதியவரின் உரிமை அவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டு என்பதால் அதைத் தனியே பார்க்க வேண்டும். ஆனால் தட்டைக் காப்பாற்றுவதற்கு யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. நான்கு தலைமுறையாகப் பரணில் கிடப்பதை அரிசி மூட்டைக்கு முட்டுக் கொடுக்கும் வீடுகள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. கேட்டு வாங்குங்கள், பதியுங்கள்.

ஒன்று மட்டும் மென்பொருளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது: வேகம். 78 என்பது பொதுப்பெயர்தான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் எந்திரங்களுக்குக் கணக்கு 77.92 சுற்று. இங்கிலாந்துக் கொலம்பியா ஒரு காலத்தில் தன் தட்டுகளில் வேகம் 80 என்றே அச்சிட்டு வந்தது. பதியும்போது எந்திரம் எந்த வேகத்தில் சுற்றியதோ அதே வேகத்தில் சுற்றினால்தான் குரல் அவருடைய குரல். காகிதத்தில் அந்த இடத்தைக் கரப்பான் தின்றுவிட்டது.

அதனால் தட்டைக் கொடுத்த குடும்பத்தின் பெரியவரிடமே கோப்பைக் கொண்டுபோனேன். இளவயதில் அப்பாவோடு மைக்செட்டுக்குப் போனவர். தட்டு மாற்றுவதும் கிராமபோனின் வேகத் திருகைச் சரிசெய்வதும் அவர் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பல்லவி முழுக்கக் கேட்டார்.

"நல்லாத்தான் தொடச்சிருக்கறீங்க தம்பி. ஆனா கொஞ்சம் எறங்கி நிக்குதே. அந்தம்மா இப்படி எறக்கிப் பாட மாட்டாங்க."

"எவ்வளவுங்க ஐயா ஏத்தறது?"

"திருகற மாதிரி மெல்ல ஏத்துங்க. நானே சொல்றேன்."

வேகத்தை மாற்றும் கருவியில் அரை விழுக்காடு அரை விழுக்காடாக ஏற்றி ஒவ்வொரு முறையும் போட்டுக் காட்டினேன். முதல் இரண்டுக்கும் தலையசைத்து மறுத்தார். இரண்டரை விழுக்காட்டைத் தாண்டியதும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஏறத்தாழ 80 சுற்று. கோப்பின் பெயரில் அந்த எண்ணைச் சேர்த்துச் சேமித்தேன். அவர் பேரன் பரணிலிருந்து இன்னொரு அட்டைப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தான். அதில் மேலாக இருந்த தட்டு கிட்டப்பாவுடையது.